இரண்டு பல் பூண்டு

மன்னவனூர்
4.9.2023

முத்து மச்சானுக்கு,

இது அழகுமலை எழுதுவது. வேறு யாரோ எழுதி நான் கைநாட்டு வைத்தது அல்ல. எழுபத்தோரு வயதில் என் கையால் எழுதும் முதல் கடிதம். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உருளைக்கிழங்கைத் தரையில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

நீ கொடைக்கானல் பூண்டுக் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு இருக்கப் பழனிக்கு இறங்கிப் போன மறுமாதம், எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். ராஜகுமாரி என்று நம் சுவாமிநாதனின் மருமகள்தான் சொல்லிக்கொடுக்கிறது. பதினோரு பேர் சேர்ந்தோம். மிச்சம் ஏழு பேர். அதில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். உரப்பை, தீப்பெட்டி, சுவரில் ஒட்டியது, கிழித்தது எல்லாம். கொடைக்கானல் பஸ்ஸில் ‘கை, தலையை வெளியே நீட்டாதீர்’ என்று எழுதியிருக்கிறது மச்சான். நாற்பது வருடம் நீட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

நாயுடுபுரத்தில் சரக்கு அடுக்கும் உன் கிட்டங்கி வாசலில் வைத்து, “இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்லே” என்றாய். ஆறு மாதமாக அதைக் காப்பாற்றுகிறாய். நானும் போன் செய்யவில்லை. ஆனால் எழுதுவது பேச்சில் சேராது. ராஜகுமாரியிடம் கேட்டேன். அதுவும் சேராது என்றுதான் சொன்னது.

விஷயம் இதுதான். மூட்டைக்கு வயிறு சரியில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. காலையில் ஆடு மாதிரிப் புல் மேய்கிறது. மேய்ந்துவிட்டு மஞ்சள் நுரையாகக் கக்குகிறது. வெளிக்குப் போவது சளி கலந்து தண்ணீராக இருக்கிறது. அடிக்கடி முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கோயிலில் விழுந்து கும்பிடப் போனவன் பாதியில் நின்றுவிட்ட மாதிரி. வீட்டுக்காரி கருப்பம்மாள், “ஒன்பது வயசு நாய்க்கு பக்தி வந்துருச்சுய்யா” என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் சாக்குகளுக்கு நடுவில் சாக்காகச் சுருண்டு கிடந்ததற்கு நீதான் மூட்டை என்று பேர் வைத்தாய். எட்டு வருடம் சோறும் போட்டாய், போகும்போது என்னிடம் விட்டாய். அதனால் உன்னைக் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

இதை எழுத மூன்று சாயங்காலம் ஆனது. ராஜகுமாரி பிழை பார்க்கட்டுமா என்றது. “நீ பாக்க வேண்டாம் தாயி. பிழை இருந்தா அவன் கண்டுபிடிச்சு சந்தோசப்படுவான்” என்று சொல்லிவிட்டேன்.

அழகுமலை


பழனி
8.9.2023

திரு. அழகுமலை அவர்களுக்கு,

தங்கள் 4-ஆம் தேதிக் கடிதம் இன்று காலை கிடைத்தது. தாங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அறிந்து மகிழ்ச்சி. எழுத்து பேச்சில் சேராது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே இந்தப் பதில். நாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாப்பிடும் முன் மூட்டை தட்டை ஒரு முறை சுற்றி வரும். இடப்பக்கமாக. பசி இருந்தால் வேகமாக, இல்லையென்றால் மெதுவாக. இப்போது சுற்றுகிறதா, அல்லது நேராக வந்து மோந்துவிட்டுப் போகிறதா? தண்ணீர் குடிக்கிறதா? குடித்தது உள்ளே நிற்கிறதா? வயிறு உப்பியிருக்கிறதா? வெளியே போனதில் கறுப்போ சிவப்போ உண்டா? படுக்கும்போது மூக்கை வாலுக்குள் வைத்துக்கொள்கிறதா? அப்படி வைத்துக்கொண்டால் பெரிய வலி இல்லை என்று பொருள். வெள்ளிக்கிழமைக்கு முன் அது என்ன தின்றது? நீங்கள் போட்டதைக் கேட்கவில்லை. ஊரில் மற்றவர்கள் போட்டதைக் கேட்கிறேன்.

இத்தனையும் எப்படித் தெரியும் என்று தங்களுக்குத் தோன்றலாம். எட்டு வருடத்தில் ஒரு முறையாவது தொட்டிருக்கிறாயா என்று அன்று வண்டியில் நாயை ஏற்றும்போது நாலு பேர் நடுவில் கேட்டீர்கள். தொட்டதில்லை. நாயின் எச்சில் பட்டால் தொழுவதற்கு முன் கழுவிச் சுத்தம் செய்தாக வேண்டும். அந்தக் குளிரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவுவது என்று இரண்டு முழம் தள்ளியே இருந்தேன். தள்ளி இருந்தவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மருந்து: ஒரு நாள் சோறு வேண்டாம். பிறகு குழைந்த சோற்றை வடித்த கஞ்சி, உப்பில்லாமல். அதோடு மலைப்பூண்டு இரண்டு பல் உரித்துக் கால் டம்ளர் பாலில் வேகவைத்து மசித்துக் கொடுக்கவும். வாயு, மந்தம், கழிச்சல் எதுவானாலும் கேட்கும். கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டுப் பரணில் புகை பட்டுத் தொங்கும் பூண்டுக்கு மேல் மருந்து இல்லை மச்சான்.

மேலே தவறுதலாக மச்சான் என்று விழுந்துவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மு. முத்து முகம்மது


மன்னவனூர்
11.9.2023, திங்கள்

முத்து மச்சானுக்கு,

நீ அடிக்காமல் விட்டதைத்தான் முதலில் படித்தேன்.

தபால்காரர் வாசலில் நின்று என் பேரைக் கூப்பிட்டார். வங்கித் தாள் வந்தால் பிரித்துப் படிக்கிற மாதிரி அவரே பிரிக்கப் போனார். “குடுங்க, நான் படிச்சுக்கிறேன்” என்றேன். அவர் போகவே இல்லை. நான் படிப்பதைப் பார்க்க வேண்டும் என்று நின்றுகொண்டார். ‘தங்கள் 4-ஆம் தேதிக் கடிதம்’ வரைக்கும் சத்தமாகப் படித்தேன். அதற்கு மேல் அவர் கேட்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் மூட்டைக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். தட்டைச் சுற்றுவது பற்றி நீ எழுதிய இடத்தில் காதைத் தூக்கியது. பொய் இல்லை.

நீ கேட்டவற்றுக்குப் பதில். சுற்றுவதில்லை. நேராக வந்து மோந்துவிட்டுப் போகிறது. தண்ணீர் குடிக்கிறது, நிற்கிறது. கறுப்பும் சிவப்பும் இல்லை. மூக்கை வாலுக்குள் வைத்துத்தான் படுக்கிறது. ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்த பிள்ளைகள் கறி சுட்டுத் தின்றுவிட்டுக் கொழுப்பையெல்லாம் இதற்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் ஏரியே கதி என்று கிடந்ததாம். எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

பூண்டுப் பால் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். முதலில் முகத்தைத் திருப்பியது. மடியில் போட்டு வாயைத் திறந்து ஊற்றினேன். நாங்கள் தொடுகிறவர்கள்.

செவ்வாய்

கருப்பம்மாள் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, “இது நாய்க்கு மருந்தாய்யா, பூண்டுக் கொழம்பா?” என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? கடிதம் எனக்குத்தான் வந்தது. “நாயிக்கெல்லாம் கடுதாசி போக்குவரத்து நடக்கு. எனக்கு என்னைக்கு எழுதப் போற?” என்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா?

கழிச்சல் குறைந்த மாதிரி இருக்கிறது.

வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. மூட்டை எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் அசைக்கிறது. இன்று காலை வெளியே தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. பூண்டின் சூடு என்று நினைக்கிறேன். சூடு இறங்கினால் சரியாகிவிடும். பூண்டை விடாமல் கொடுக்கிறேன்.

கடிதம் நீளமாகிவிட்டது. நான்கு நாளாக எழுதுகிறேன். நாளைக்குப் பெட்டியில் போடுகிறேன்.

அழகுமலை


பழனி
17.9.2023

அழகுமலை மச்சானுக்கு,

நேற்று மகன் வாசிம் உன்னிடம் போனில் சொன்னான். சொல்லும்போது பக்கத்தில்தான் இருந்தேன். இருந்தாலும் நானும் எழுதிவிடுகிறேன். பூண்டை நிறுத்து. பால், கஞ்சி, எது போட்டாலும் அதில் பூண்டோ வெங்காயமோ ஒரு துண்டுகூடச் சேரக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் கொடுத்த மருந்து போதுமா என்று எனக்கே ஒரு நினைப்பு வந்து, சனிக்கிழமை இங்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆடு, மாடு, கூடைக்கோழி என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டு எழுதுகிறவர் கேட்டார்.

“என்ன உருப்படி பாய்?”

“நாய்.”

“எங்க?”

“மன்னவனூர்ல.”

“நாய் மன்னவனூர்ல. நீங்க மட்டும் வந்தீங்களாக்கும்? நல்லாத்தான் இருக்கு. உள்ள போங்க.”

டாக்டர் நல்ல மனிதர். நீ எழுதிய அடையாளங்களைச் சொன்னேன். நாய் அப்படி நெஞ்சைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது வயிற்று வலிக்கு அடையாளம், அதைக் கண்ட அன்றே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும் என்றார். கொழுப்பு மாதிரி எதையாவது தின்றதால் வந்ததாக இருக்கும், பட்டினி போட்டுக் கஞ்சி கொடுத்தால் பெரும்பாலும் தானாகக் கேட்டிருக்கும் என்றார். “வேற என்ன குடுத்தீங்க?” என்றார். பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பூண்டு நமக்கு மருந்துங்க. நாய்க்கு ரத்தத்த உடைக்கும். ரெண்டு பல்லு ஒரு நாள் குடுத்தா ஒண்ணும் ஆகாமகூடப் போயிரும். தெனமும் குடுத்தா சேந்துக்கிட்டே போகும். சட்டுனு தெரியாது. நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் நாய் படுக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் வாசிமின் போனை வாங்கி நானே அழைத்தேன். நீ எடுத்து, “அலோ, யாரு?” என்றாய். ஆறு மாதத்துக்குப் பிறகு உன் குரல். எனக்கு வாய் திறக்கவில்லை. வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக இல்லை. விஷத்தை எழுதி அனுப்பியவன் நான் என்று எப்படிச் சொல்வது? போனை வாசிம் கையில் கொடுத்துவிட்டேன். அவன் சொன்னதற்கு நீ “சரிப்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய்.

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார். நல்ல நாளில் மூட்டைக்கு ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும், அது கொட்டாவி விடும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். வெளுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தாலும், மூச்சு வாங்கினாலும், சிறுநீர் கறுத்துப் போனாலும் காத்திருக்காதே. கைமருந்து எதுவும் வேண்டாம். கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போ.

உன் பதில் கடிதம் இன்னும் வரவில்லை, போனையும் நீ அப்படியே வைத்துவிட்டதால் மூட்டை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உடனே எழுது.

முத்து முகம்மது


மன்னவனூர்
23.9.2023

முத்து முகம்மதுக்கு,

வாசிம் பேசிய மறுநாள் காலை கேரட் வண்டியில் மூட்டையைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். நானும் கருப்பம்மாளும் பின்னால் கேரட் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டோம். வழியெல்லாம் மூச்சு வாங்கியது. ஈறு உரித்த பூண்டு நிறத்தில் இருந்தது. வேறு நிறம் சொல்லத் தெரியவில்லை.

சுகன்யா என்று ஒரு டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் பாதிக்குமேல் உடைந்திருக்கிறது என்றார். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டார். நாங்கள் நாயுடுபுரத்தில் என் மாமியாரின் தங்கை வீட்டில் தங்கினோம். உன் கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறது. நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பத்து நாள் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று அனுப்பியிருக்கிறார்.

சாப்பிடவில்லை. ஊசி இல்லாத பீச்சாங்குழலில் கஞ்சித் தண்ணீர் கொடுக்கிறோம்.

என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. அதில் இருந்ததைத்தான் செய்தேன்.

அழகுமலை


பழனி
27.9.2023

அழகுமலைக்கு,

உன் கடைசி வரியை இந்தப் பகலில் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அதில் கோபமாக ஒரு சொல்லும் இல்லை. திட்டியிருந்தால் பதில் எழுத எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாற்பது வருடம் பூண்டு விற்றேன். பிள்ளை பெற்றவளுக்கு, காற்றுப் பிடித்தவனுக்கு, சளி கட்டிய குழந்தைக்கு என்று யார் வந்தாலும் மருந்து சொன்னேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில், பார்க்காத வயிற்றுக்குப் பழனியில் உட்கார்ந்துகொண்டு மருந்து எழுதிவிட்டேன். எட்டு வருடம் பார்த்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, அந்த எட்டு வருடத்தில் மூட்டை என் பூண்டு மூட்டைகளின் மேலேயே படுத்திருந்தும் ஒரு பல்லைக்கூட வாயில் வைத்ததில்லை. அதைப் பார்த்தவன் யோசித்திருக்க வேண்டும்.

சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரி ஷம்ஷாத் இரண்டு நாளாக என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று கேட்டாள். “அங்க நாய் பட்டினி, இங்க நீங்க பட்டினியா? ரெண்டு பேருக்கும் சேத்து நான் சாப்பிட முடியாது.” இந்த வீட்டில் சிரிக்க வைக்கிறவள் அவள்தான். நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று கிட்டங்கி வாசலில் நீ கேட்டது சரிதான். தொடாதவனுக்கு என்ன பேச்சு? இனி நான் எழுதி உனக்குத் தொந்தரவு கொடுக்கமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதனுள் என் முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்று வைத்திருக்கிறேன். மூட்டை தட்டைச் சுற்றி வந்தால் ‘சுற்றியது’ என்று ஒரு சொல் எழுதிப் போடு. வேறொன்றும் எழுத வேண்டாம். அது இல்லாமல் போனாலும் அதையும் எழுதிப் போட்டுவிடு.

முத்து முகம்மது


மன்னவனூர்
4.10.2023

முத்து மச்சானுக்கு,

சுற்றியது.

நேற்றுக் காலை. மெதுவாகத்தான், நடுவில் ஒரு முறை நின்று மூச்சு விட்டுக்கொண்டது. இடப்பக்கமாகத்தான் சுற்றியது. பிறகு குழைந்த சோறு நாலு வாய். சாயங்காலம் ஆறு வாய். இன்றைக்கு வெளிக்குப் போனது கெட்டியாக இருந்தது. கருப்பம்மாள் தோட்டத்திலிருந்து, “ஏய்யா, வெரசா வந்து பாரு!” என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்று சிரித்தோம். ஈறு இன்னும் பழைய நிறத்துக்கு வரவில்லை. ஆனால் இப்போது அதில் நிறம் இருக்கிறது.

இதை உன் அஞ்சலட்டையில் எழுதவில்லை. இனி எழுதப் போவதற்கு அதில் இடம் போதாது.

மச்சான், நீ இரண்டு பல் என்று எழுதினாய். நான் காலையில் ஒரு முழுப் பூண்டு, மாலையில் ஒரு முழுப் பூண்டு கொடுத்தேன். ஆறு நாள்.

கொடைக்கானலில் டாக்டரம்மா, “யாரு சொல்லி பூண்டு குடுத்தீங்க தாத்தா?” என்று கேட்டார். உன் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, “ரெண்டு பல்லுன்னுதான போட்டிருக்கு? ரெண்டு பல்லுக்கு இவ்வளவு சேதம் ஆகாதே. நெசமா எவ்வளவு குடுத்தீங்க?” என்றார். “அவரு எழுதினதுதாம்மா” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிறையக் கொடுத்தது போலத்தான் மருந்து எழுதினார். கருப்பம்மாள் அங்கே வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் திறந்தாள். “எழுதப் படிக்கத் தெரிஞ்சதும் பொய்யும் சேந்து வந்துருச்சாக்கும்?”

ஏன் அப்படிக் கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பூண்டு விளைகிற வீட்டில் நாய்க்கு இரண்டு பல்லா, விற்கிறவன் கை எப்போதும் சுருக்கம்தான் என்று தோன்றியது. அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. மூட்டை சீக்கிரம் எழுந்துவிட்டால் உனக்குச் சந்தோஷமாக ஒரு கடிதம் எழுதலாம் என்ற அவசரம். உண்மையில் அந்த அவசரம்தான்.

படிக்கத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று உனக்கு எழுதலாமா என்றுகூடப் பார்த்தேன். போன வருடம் என்றால் எழுதியிருக்கலாம். அப்போது எழுதத் தெரியாது. இப்போது அந்த வழியும் அடைத்துவிட்டது. ‘இரண்டு’ என்ற சொல்லை நான் எழுத்துக்கூட்டாமலே படித்தேன்.

இன்னொன்று. அன்றைக்கு நாயுடுபுரத்தில் நான் கேட்டதற்கு இன்றுவரை வருத்தம் சொல்லவில்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூட்டையைப் பார்த்தேன். நீ எழுதியிருந்த எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆறு மாதமாக மடியில் போட்டுக்கொள்கிறேன், அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்ததில்லை.

சோறு சாப்பிடு. தங்கச்சி ஷம்ஷாத்திடம் நான் சொன்னதாகச் சொல்.

அழகுமலை


பழனி
8.10.2023

ஏலே அழகுமலை,

முழுப் பூண்டா? காலையில் ஒன்று, மாலையில் ஒன்றா? யானைக்கா மருந்து கொடுத்தாய்?

பத்து நாள் நான் கிடந்த கிடை உனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் வந்தது கோபம். மறுபடி படித்தேன். ‘சுற்றியது’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வாசிமைக் கூப்பிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் காட்டினேன். ஷம்ஷாத் வந்து எட்டிப் பார்த்து, “இதுக்கா இத்தன நாளு? சரி, சோத்தப் போடவா?” என்றாள்.

சாப்பிட்டேன்.

நீ எழுதியதற்காக என் பங்கு போய்விடாது. இரண்டு பல்லும் எழுதியிருக்கக் கூடாது. உன் பங்கும் அப்படியே இருக்கட்டும். இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம்.

டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொல். அடுத்த முறை ரத்தம் பார்க்கும்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். மத்தியானத்துக்குள் மன்னவனூர் வந்துவிடுவேன். மூட்டையைப் பார்க்கத்தான் வருகிறேன். பேசமாட்டேன் என்று சொன்ன வார்த்தையில் மாற்றமில்லை. கருப்பம்மாளிடம் ஒரு அண்டா வெந்நீர் போட்டு வைக்கச் சொல். ஏன் என்று கேட்காதே.

முத்து முகம்மது


மன்னவனூர்
17.10.2023

முத்து மச்சானுக்கு,

நீ வந்து போன நாளை நீயே பார்த்தாய். இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும் போல இருக்கிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாய். நானும் ஆட்டினேன். வீடு வரைக்கும் பேசாமல் நடந்தோம். மூட்டை உன் செருப்புச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்தது. ஒரு மாதமாக அது அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை. நீ வழக்கம்போல இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தாய். பிறகு மேல்துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துவிட்டு, நகர்ந்து வந்தாய். மூட்டையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்திப் பார்த்தாய். அது உன் மணிக்கட்டு வரைக்கும் நக்கியது. கருப்பம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள். வெந்நீர் பார்க்கப் போனதாகச் சொல்கிறாள். வெந்நீர் வாசலில்தான் இருந்தது.

“ஏலே மூட்டை, வயிறு மெத்துன்னுதான் இருக்கு. ஒங்க வீட்டுக்காரனுக்கு எண்ணத் தெரியாதாமே, நெசமா?” என்று அதனிடம் கேட்டாய்.

மூட்டைக்காக நான்தான் பதில் சொன்னேன். “எழுத்து வகுப்புதான் நடக்கு. கணக்கு வகுப்பு இன்னும் ஆரம்பிக்கல.”

“வேற ஏதாச்சும் கேக்கணும்னா என்னயக் கேக்கச் சொல்லு மூட்டை. டாக்டரக் கேட்டுட்டுத்தான் சொல்வேன்னு சொல்லு.”

“ஈறு பாத்தியான்னு மூட்டை கேக்கு.”

“பாத்தேன், பாத்தேன். ரோசாப்பூ மாதிரி கெடக்குன்னு சொல்லு.”

இப்படியே மூன்று மணி நேரம். நாற்பது வருடத்தில் நாம் இவ்வளவு பேசியதில்லை. நீ போன பிறகு மூட்டை களைத்துப் படுத்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “எனக்கு அன்னைக்கே தெரியும் தாத்தா” என்றார். ரத்தம் தேறி வருகிறதாம். எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் பரணிலும் பூண்டு தொங்குகிறது, எல்லா வீட்டு வாசலிலும் ஒரு நாய் கிடக்கிறது. அதனால் வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நாய்க்குப் பூண்டும் வெங்காயமும் கூடாது, சாப்பிடாமல் கக்கிக்கொண்டோ நெஞ்சைத் தாழ்த்திக்கொண்டோ நின்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகவும் என்று. வகுப்பில் ஏழு பேரும் நின்று வாசித்தார்கள். கருப்பம்மாளும் வந்து பார்த்தாள். அவளால் வாசிக்க முடியவில்லை. “நீயே எழுதி நீயே படிச்சுக் காட்டுற கடுதாசி எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ராஜகுமாரியிடம் தன் பேரைக் கொடுத்துவிட்டாள். ஆக எட்டு பேர்.

நேற்று சாயங்காலம் நான் தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “அலோ, யாரு?” என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. பழனி பஸ் ஒன்று ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது. இந்த முறை நான் வைக்கவில்லை. போனைக் கொண்டுபோய் மூட்டையின் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு வாலை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே இருந்தது.

நீ என்ன சொன்னாய் என்று நான் அதனிடம் கேட்கவில்லை.

அழகுமலை